ரெண்டாவது மைக்

ஜிபினுடைய மெசேஜ் வந்தபோது ஸ்மைலின் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து இருக்கும். அருமனைச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரப்பர் ஷீட் வாங்குகிற கடைக்கு மேலே மாடியில் அவளுடைய ஸ்டுடியோ. கீழேயிருந்து ஷீட்டின் புளித்த வாடை படியேறி வரும். வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். பன்னிரண்டு வருஷமாய் அங்கேயே இருக்கிற அவளுக்கு அது தெரிவதேயில்லை.

மெசேஜ் இதுதான்.

“அக்கா, அம்மைக்க அடக்கத்த லைவ்ல முழுசும் பாத்தேன். நல்லா எடுத்திருந்தீங்க. ஒரு உபகாரம் செய்யணும். லைவ்ல பாட்டும் பிரசங்கமும்தான் கேட்டுது. வீட்டுல அம்மைக்க தலைமாட்டுல ஒரு சின்ன மைக் வச்சிருந்தீங்கல்லா? அதுக்க சத்தம் தனியா பதிஞ்சிருக்கும்னு சுஜின் அண்ணன் சொன்னாரு. அத வெட்டாம ஒட்டாம அப்படியே அனுப்புவீங்களா? எனக்கு அது மட்டும் போதும்.”

ஜிபின் சவூதியில், தம்மாமில் வண்டி ஓட்டுகிறவன். போன வியாழக்கிழமை அடக்கம் செய்த சத்தியபாயின் மகன். ‘கண்டிப்பா அனுப்புகேன் தம்பி’ என்று ஸ்மைலின் உடனே எழுதி அனுப்பியும் விட்டாள். அனுப்பின பிறகு அவளுடைய கை தானாக எழும்பி, இடது தோளுக்குக் கீழே, துப்பட்டாவின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. ஆனால் வியாழக்கிழமை அங்கே ஒன்று இருந்தது.

நெஞ்சு திக்கென்றது என்று சொன்னால் போதாது மக்களே. நடுச்சந்தியில் ஆள்கூட்டத்துக்கு நடுவே உடுத்திருக்கிற துணி அவிழ்ந்து விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு.

சத்தியபாய் முந்திரி ஆபீஸில் கொட்டை உடைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினவள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கடைசிவரைக்கும் கறுப்பு. மகள் பெர்லின் கூடவே இருந்து பார்த்தாள். மகன் கல்ஃபுக்குப் போய் நாலு வருஷம். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. தாய் படுக்கையில் விழுந்தபோதும் வரவில்லை, செத்தபோதும் வரவில்லை. ‘அண்ணனுக்கு லீவு கிடைக்கல்ல’ என்று பெர்லின் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரும் நம்புகிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, வாசல் தாண்டினதும் வேறு பேசியது.

அந்த ஜிபின்தான் ஃபோனில் ஸ்மைலினைக் கூப்பிட்டான். லைவ் வேண்டும், கேமரா இரண்டு வேண்டும், கல்லறைத் தோட்டம் வரைக்கும் காட்ட வேண்டும் என்றான். இது புதிசில்லை. நம் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள். லைவ் இல்லாத அடக்கம் இப்போது இல்லை. ஸ்மைலின் கல்யாணத்தைவிட அடக்கம்தான் அதிகம் எடுக்கிறாள்.

சத்தம் பிடிக்க அவள் இரண்டு வழி வைத்திருந்தாள். பாட்டுக்காரர்களின் மிக்ஸரிலிருந்து வருகிற வயர் ஒன்று, லைவில் போவது அந்தச் சத்தம். சட்டையில் குத்துகிற சின்ன வயர்லெஸ் மைக் இன்னொன்று. அது லைவில் போகாது, ஃபைலில் மட்டும் தனியாகப் பதியும். மிக்ஸர் சதி செய்தால் கைகொடுக்குமே என்று ஒரு முன்ஜாக்கிரதை. அந்த மைக்கை ஐஸ் பெட்டியின் தலைமாட்டில், வெள்ளைத் துணியின் ஓரத்தில் குத்தி வைத்தாள். பெர்லின் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு உபதேசியார் வீட்டு ஜெபம் செய்ய எழுந்தபோது கழற்றி அவருடைய சட்டையில் குத்தினாள். ஜெபம் முடிந்ததும் அவர் திருப்பிக் கொடுத்தார். கையில் வைத்தால் எங்கேயாவது வைத்துத் தொலைத்துவிடுவோம் என்று தன் துப்பட்டாவிலேயே குத்திக்கொண்டாள். அவளுடைய வழக்கம் அது. அணைத்துவிட்டுக் குத்துவதும் வழக்கம்தான். அன்றைக்கு அணைத்தாளா?

குத்திக்கொண்டு வீட்டின் பின்புறம் போனாள். அயினி மரத்தடியில், துணி துவைக்கிற கல்லில், சுஜின் உட்கார்ந்திருந்தான். அவளுடைய இரண்டாவது கேமராக்காரன். நாற்பது வயசு. எந்த அடக்க வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைக்காமல் அவனுக்கு வேலை முடியாது.

“எக்கா, பெட்டி எடுக்கும்போ ட்ரோன் விடணுமான்னு ஜிபினுக்கிட்ட கேக்கல்லியே?”

“விடு மக்கா. மகன்தான் பறந்து வரல்ல, ட்ரோனாவது பறக்கட்டு.”

சுஜின் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பக்கத்தில் இருக்கிற ஆள் சிரித்துவிட்டால் இன்னும் ஒன்று சொல்லத்தானே நாக்கு துடிக்கும்.

“தள்ளை செத்துக் கெடக்கா, ஒரு டிக்கெட்டு எடுக்க மனசில்ல. கேமரா மட்டும் ரெண்டு கேக்கு அவனுக்கு. ஃபோன்ல அழுதா சட்டை நனையாதுல்லா.”

அதோடும் நிறுத்தவில்லை. காலையில் ஜிபின் வீடியோ காலில் அழுதபோது, ஃபோனைத் தாயின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். அந்த அழுகையை அப்படியே நடித்துக் காட்டினாள். “அம்மோ... நான் வந்துருவேன் அம்மோ...” மூக்கை உறிஞ்சுகிறது உட்பட.

அப்புறம் பெர்லின் சாயா கொண்டுவந்தாள். குடித்தார்கள். பெட்டி எடுக்கிற நேரம் ஆனது.

இவ்வளவும் ஸ்மைலினுக்கு ஞாபகம் இருந்தது. மைக்கை அணைத்தது மட்டும் ஞாபகம் இல்லை.

ஃபைலைத் திறந்து கேட்டால் தெரிந்துபோகும். ஆனால் ஃபைல் திறக்கவில்லை. அன்றைக்குப் பாட்டுக்காரர்கள் வந்து உட்காருகிற நேரத்தில் கரண்டு போய், ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். லேப்டாப் நின்றுவிடவில்லை. வெளியே மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. பன்னிரண்டாம் நிமிஷத்தில் ஃபைல் முறிந்துபோயிருந்தது.

எம்.கே.வி. என்கிற அந்த ஃபைலை ஒரு அடுக்குப் பாத்திரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் படம். ஒரு அடுக்கில் பாட்டுக்காரர்களின் சத்தம். இன்னொன்றில் சின்ன மைக்கின் சத்தம். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுகிற ஒரு கம்பி. கம்பி வளைந்துபோனால் உள்ளே இருக்கிற சோறு கெட்டுப்போகாது, ஆனால் அடுக்கைப் பிரித்து எடுக்க வராது. அவளிடம் இருந்த பழைய ரிப்பேர் சாஃப்ட்வேர் முறிவு வந்த இடத்தில் நின்றுகொண்டது. புதியது முறிவைத் தாண்டிப் போகும் என்று போட்டிருந்தார்கள். புதியதை இறக்கி ஓட்டினால், அடுக்கைப் பிரிக்கத் தெரிந்த லைப்ரரி என்கிற கருவிப்பெட்டி உன் கம்ப்யூட்டரில் பழசாக இருக்கிறது, புதுசு வேண்டும் என்றது.

சுஜினுக்கு ஃபோன் போட்டாள்.

“ஜிபினுக்கிட்ட மைக் விசயத்த நீயா சொன்ன?”

“ஆமா. அவன் கேட்டான், சொன்னேன். ஏன்க்கா, ஃபைல் தொறக்கல்லியா? மார்த்தாண்டத்துல ஜெபதாஸுக்கிட்ட குடுங்க. பத்து நிமிசத்துல சரியாக்குவான்.”

“அவன்கிட்ட வேண்டாம்.”

“ஏன், அவனுக்குக் கையில்லியா?”

“காது இருக்குல்லா.”

 சுஜின் குரல் இறங்கிப்போய், “எக்கா, அயினி மூட்டுல இருக்கும்போ அது உங்க மேல கெடந்துதா?” என்றான்.

“கெடந்துது.”

“ஓஃப் பண்ணல்லியா?”

“தெரியல்ல மக்கா. உனக்க சிரிப்பும் அதுல இருக்கும்.”

“எக்கா, ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு சொல்லிருங்க. இந்த ஊர்ல போவாத ஹார்ட் டிஸ்க் உண்டா?”

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் தான் நினைத்ததை இன்னொரு வாய் சொல்லிக் கேட்டபோது ஒரு மாதிரி நாறியது. “வை ஃபோன” என்று வைத்துவிட்டாள். முதலில் திறப்போம், இருக்கிறதா என்று பார்ப்போம், இருந்தால் சின்ன மைக் பதியவில்லை என்று சொல்லி, அந்த அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புவோம். இதுதான் அவள் போட்ட கணக்கு. வேறு எந்தக் கையும் அதைத் தொடக்கூடாது, வேறு எந்தக் காதும் கேட்கக்கூடாது.

ஸ்மைலின் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் படித்தவள். அங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். கைக்குப் பழகினது அது என்று ஸ்டுடியோவிலும் அதையே போட்டிருந்தாள். அது ரொம்பப் பழசாகி, புதிய சாமான்களைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்கிற வழி அடைந்து கிடந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்த லைப்ரரியை சோர்ஸிலிருந்து கட்ட வேண்டும். யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கிற வரிகளை இறக்கி, தன் கம்ப்யூட்டரிலேயே கட்டி எழுப்ப வேண்டும். அவள் அதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை. கதவைச் சாத்தி, ‘மதியத்துக்கு மேல் வரவும்’ என்று அட்டையைத் தொங்கவிட்டாள்.

வெளியே மழை பிடித்தது. லைப்ரரியின் மூட்டையை இறக்கி விரித்தாள். உள்ளே ‘முதலில் இதை வாசிக்கவும்’ என்று ஒரு காகிதம் இருந்தது. வாசிக்கவில்லை. மருந்துச் சீட்டையே வாசிக்காத ஆட்கள் நாம், இதையா வாசிப்போம்? கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, கட்டத் தயாராகு என்பதற்கு சிமேக் என்று அடித்து, என்டரைத் தட்டினாள். பத்துப் பன்னிரண்டு வரி ஓடி, சிவப்பு எழுத்தில் நின்றது. இதற்கு அடியில் இன்னொரு லைப்ரரி வேண்டும், அதைக் காணவில்லை.

இப்போது வாசித்தாள். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். அடிப்படையாக ஒரு சின்ன லைப்ரரி உண்டு. அதை முதலில் கட்டி நிறுத்து, அதன் மேல்தான் இது நிற்கும். அஸ்திவாரம் போடாமல் ஓடு மேய்ந்திருக்கிறாள்.

அந்தச் சின்னதை இறக்கினாள். சிமேக் இந்தத் தடவை முணுமுணுக்காமல் முடிந்தது. இனி கட்டு என்பதற்கு மேக் என்று அடித்ததும் சதவீதம் ஏற ஆரம்பித்தது. பத்து, இருபது, ஐம்பது. நடுநடுவே மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்து போனது. நூறு. இன்ஸ்டால் என்று அடித்தாள். ‘உனக்கு அனுமதி இல்லை’ என்றது. யாரோ முகத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி அவளுக்குக் காது சூடானது. சொந்தக்காரி நான்தான் என்று பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகு ஏற்றுக்கொண்டது.

பிறகு பெரியது. அது கட்டிக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க முடியாமல், மூட்டைக்குள் இருந்த மற்றக் காகிதங்களைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் வருஷம் வருஷமாக, பதிப்பு பதிப்பாக, என்னென்ன மாற்றினோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். பாதி வரி, செய்த பிழைகளைப் பற்றித்தான். முந்தின பதிப்பில் இந்த இடத்தில் நாங்கள் தவறு செய்துவிட்டோம், முறிந்த ஃபைலைத் திறந்தால் நின்றுபோகும், இப்போது சரி செய்திருக்கிறோம். பெயர், தேதி எல்லாம் போட்டு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கிற இடத்தில் தன் பிழையை இப்படி எழுதி வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே அந்தக் காகிதத்தை மூடிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

எண்பது சதவீதத்தில் கரண்டு போனது. யு.பி.எஸ். இரண்டு நிமிஷம் கத்திவிட்டு விழுந்தது. எல்லாம் முதலிலிருந்தா என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்துக் கரண்டு வந்து மறுபடியும் அடித்தபோது, கட்டி முடித்ததையெல்லாம் தொடாமல் விட்ட இடத்திலிருந்து மீதியை மட்டும் கட்டிக்கொண்டு போனது. முடிந்தது. இன்ஸ்டாலும் ஆனது. ரிப்பேர் சாஃப்ட்வேரைத் தட்டினாள். ‘அப்படி ஒரு லைப்ரரி இங்கே இல்லை’ என்றது.

“இருக்கு சனியனே, கண்ண தொறந்து பாரு” என்று வாய்விட்டே திட்டினாள். போய்ப் பார்த்தாள். வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது. இருந்தும் இல்லை என்கிறது. நெட்டில் தேடித் தேடி ஒரு பக்கத்தில் காரணத்தைக் கண்டாள். புதிதாகக் குடிவந்த ஆளை ரேஷன் கார்டில் சேர்க்காத மாதிரி. எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு சொல். எல்டிகான்ஃபிக். அடித்தாள். ஒரு பதிலும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தது.

மணி மூன்றரை. மதியம் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இந்தத் தடவை முறிவைத் தாண்டிப் போனது. ஆறு நிமிஷத்தில் அடுக்கடுக்காகப் பிரித்து வைத்துவிட்டது. படம், பாட்டு, சின்ன மைக். சின்ன மைக்கின் அடுக்கு கடைசிவரைக்கும் நிறைந்திருந்தது. அணைக்கவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். நேராகத் தன் பேச்சு வருகிற இடத்துக்குப் போயிருக்கலாம். கை போகவில்லை. முதலிலிருந்து கேட்டாள்.

வெகுநேரம் ஐஸ் பெட்டியின் ரீங்காரம். செருப்புச் சத்தம். யாரோ விம்முவது. பிறகு மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் பெர்லினின் குரல், மூச்சோடு மூச்சாக.

“அம்மா. அண்ணன் சொல்லச் சொன்னான். காதுல சொல்லணும்னு சொன்னான். அவன் வரமாட்டேன்னு இருக்கல்ல கேட்டியா. அவனுக்க வண்டி ஒரு ஆள இடிச்சிட்டு. ரெண்டு வருசமா கேஸு நடக்கு. பாஸ்போர்ட்டு கோர்ட்டுல இருக்கு. தீராம நாட்ட விட்டு எறங்க விடமாட்டாங்க. உங்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டன்னு, லீவு இல்லன்னு நாந்தான் கள்ளம் சொன்னேன். நீ அவன்மேல சடவோட போயிட்டியோ என்னவோ. அவன் மாப்புக் கேக்கான் அம்மா. அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு மாப்பு.”

ஸ்மைலின் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.  அவன் கேட்டது இதைத்தான். தான் சொல்லச் சொன்னது தாயின் காதில் விழுந்ததா என்று தெரிய வேண்டும் அவனுக்கு. இந்த அடுக்கையா எடுத்து எறிந்துவிட்டு அனுப்புவதாக இருந்தாள்?

மறுபடியும் மாட்டினாள். உபதேசியாரின் ஜெபம் வந்தது. மைக்கைக் கழற்றுகிற கரகரப்பு. அவளுடைய சொந்த நடை, சருகு மிதிபடுகிற சத்தம். சுஜின் ட்ரோனைப் பற்றிக் கேட்டான். அவள் பதில் சொன்னாள்.

தன் குரலை ஒருவர் வெளியிலிருந்து கேட்கும்போது அது வேறு யாருடையதோ மாதிரி இருக்கும் என்பார்கள். அவளுக்கு அப்படி இல்லை. அது அவள்தான், அச்சு அசலாக அவளேதான். ‘தள்ளை செத்துக் கெடக்கா’ என்று தொடங்கும்போது, பேச்சுக்குப் பின்னால் மெல்லிசாக இன்னொரு சத்தம் வந்தது. கிணிங், கிணிங் என்று. சருகில் ஒரு நடை அருகே வந்து நின்றது. நடைதான் நின்றது, அந்தச் சத்தம் நிற்கவில்லை.

பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டாள். கண்ணாடி கிளாஸுகள். ஒரு தட்டில் வைத்த சாயா கிளாஸுகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம். தட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியிருக்கிறது.

அவள் அழுது நடித்துக் காட்டின நேரம் முழுவதும் அது முட்டிக்கொண்டே இருந்தது. அவளும் சுஜினும் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவள் தன் பேச்சிலேயே லயித்திருந்தாள், கேட்கவில்லை. தோளில் இருந்த மைக் கேட்டிருக்கிறது. சுஜினின் சிரிப்பு ஓய்ந்தது.  பிறகு பெர்லின் சொன்னாள்.

“அக்கா, சாயா குடியுங்க. சீனி கொஞ்சம் குறவா இருக்கும்.”

அதற்குத் தன் குரல், தேன் ஒழுக: “உனக்கு எதுக்கு மக்கா இந்த நேரத்துல இந்தப் பாடு?”

ஸ்மைலின் அந்த இடத்திலேயே நிறுத்தினாள்.

எண்ணிப் பார்த்தால் எழுபது வினாடி. அதை மட்டும் வெட்டி எடுக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் போதும். ஜிபினுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் தெரிய வேண்டிய ஆளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பெர்லின் சாயா கொடுத்திருக்கிறாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஸ்மைலினின் கையைப் பிடித்து, ‘ரொம்ப நன்றிக்கா’ என்றுகூடச் சொன்னாள்.

மறுநாள் காலை ஸ்மைலின் பெர்லினுடைய வீட்டுக்குப் போனாள். ஸ்கூட்டர் இருந்தும் நடந்தே போனாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டாம் என்று இருந்திருக்கும். அடக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை முற்றத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். பெர்லின் தாயின் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நடந்தா வாரீங்க அக்கா? வண்டி எங்க?”

“சும்மாதான் நடந்தேன். பெர்லின், ஜிபின் ஒரு ஃபைலு கேட்டான். அந்தச் சின்ன மைக்கு...”

“அதுல நீங்க பேசுனது கெடக்கு. அதானே?”

 ஸ்மைலின் வருகிற வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“மைக்கு உங்க துப்பட்டால பச்ச லைட்டோட இருந்து. அன்னைக்கே பாத்தேன்,” என்றாள் பெர்லின். ஒரு சேலையை உதறி விரித்தாள்.

“அப்ப ஏன் மக்கா ஒண்ணும் சொல்லல்ல? என்ன ரெண்டு அடி அடிச்சிருக்கப்பிடாதா?”

“கையில நாலு கிளாஸ் சாயா இருந்துல்லா அக்கா. கீழ வைக்க எடமில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை அவள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் ஒண்ணும் தெரியாம சொல்லிட்டேன். நீ அம்மைக்கிட்ட சொன்னதையும் கேட்டேன் பெர்லின். கேஸு, பாஸ்போர்ட்டு எல்லாம். கேக்கப்பிடாதது, ஆனா கேட்டுட்டேன். நான் ஜிபினுக்கிட்ட உள்ளத சொல்லி மாப்புக் கேக்கட்டா?”

பெர்லின் கொடியைப் பிடித்தபடி திரும்பினாள்.

“கேட்டா என்ன ஆவும்? உங்களுக்கு பாரம் எறங்கும். அவனுக்கு? அவன் அங்கன ஒரு ரூம்புல ஆறு பேருக்கு எடையில கெடக்கான். வேல இல்ல, வெளிய எறங்க பயம். இத காதுல மாட்டிக்கிட்டு தெனமும் கேப்பான் அக்கா, எனக்குத் தெரியும். அம்மைக்கு சொன்னதக் கேட்டதுக்குப் பொறவு, நீங்க அவன மாதிரி அழுது காட்டினதையும் தெனமும் கேக்கணுமா? உங்க சுமட்ட அவனுக்க தலையில எறக்கி வைக்காதீங்க.”

“வெட்டாம அனுப்பச் சொன்னானே.”

“வெட்டல்லன்னு சொல்லுங்க. நான் ரெண்டு வருசமா அம்மைக்கிட்ட கள்ளம் சொல்லல்லியா? நீங்க ஒண்ணு சொல்லுங்க.”

ஸ்மைலின் தலையாட்டினாள். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அடுக்கி வைத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்கள மன்னிச்சேன்னு சொல்லணும்னுதான் நிக்கிறீங்க, இல்லியா?” என்றாள் பெர்லின். “இப்ப வரல்ல அக்கா. வரும்போ சொல்லுகேன்.”

அவ்வளவுதான். அவள் மறுபடியும் வாளியில் குனிந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். நம் பக்கத்தில் கொல்ல வந்தவன் வாசலில் நின்றால்கூடச் சாயா குடிக்கியளா என்று ஒரு சொல் கேட்காமல் அனுப்ப மாட்டார்கள். பெர்லின் கேட்கவில்லை. அன்றைக்கு நடுங்குகிற கையோடு கொண்டுவந்து கொடுத்தவள், இன்றைக்குக் கேட்கவில்லை. ஸ்மைலின் ஒழுங்கைக்கு இறங்கி நடந்தாள்.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் வேலையை முடித்தாள். எழுபது வினாடியை எடுத்தாள். அந்தப் பள்ளம் தெரியாமலிருக்க, அதே முற்றத்தின் காக்கைச் சத்தத்தையும் இலையாடுகிற சத்தத்தையும் வேறு இடத்திலிருந்து எடுத்து நிரப்பினாள். ஒட்டின இடம் அவளுக்கே தெரியவில்லை. இவ்வளவு நல்ல வேலைக்காரியா நான் என்று தன் கையைப் பார்த்தாள். பிறகு அடுக்குகளைச் சேர்த்துப் பூட்டச் சொன்னாள். அவள் கட்டி நிறுத்தின லைப்ரரி ஒரு கேள்வி கேட்காமல் பூட்டிக் கொடுத்தது. அதற்கு என்ன தெரியும், கொடுத்ததை அடுக்கும்.

‘தம்பி, அனுப்பியிருக்கேன். ஒண்ணும் வெட்டல்ல’ என்று எழுதினாள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அடிக்க அவளுக்கு, முந்தினநாள் லைப்ரரி கட்டின நேரத்தில் பாதி ஆனது.

மாலையில் பதில் வந்தது.

“கிடைச்சு அக்கா. பெர்லின் நான் சொன்னதெல்லாம் அம்மைக்கிட்ட சொல்லியிருக்கா. கேட்டேன். இனி எனக்குக் கொஞ்சம் ஒறக்கம் வரும். உபதேசியார் ஜெபத்துக்குப் பொறவு அவ உங்களுக்குச் சாயா கொண்டு தந்தது கேட்டுது. நான் நிக்க வேண்டிய எடத்துல நின்னு எல்லாத்தையும் அவளே பாத்திருக்கா. நீங்களும் கூடப்பொறந்தவள மாதிரி அவகிட்ட பேசுனது கேட்டுது. உனக்கு எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டீங்கல்லா, அந்த ஒரு வார்த்தை போதும் அக்கா. அதத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.”

ஸ்மைலின் அதை வாசித்தாள். ‘பரவாயில்லை தம்பி’ என்று அடித்தாள், அழித்தாள். ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று அடித்தாள், அதையும் அழித்தாள். கை மறுபடியும் தோளுக்குக் கீழே போய், துப்பட்டாவின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பொய் சொல்லாமல் எழுத முடிகிற வரி ஒன்றாவது உண்டா என்று வெகுநேரம் தேடினாள். ஒன்று அகப்பட்டது.

‘ஆமா தம்பி. அவ தந்த சாயாவ நான் குடிச்சேன்.’